வீட்டில் இருப்பவரின் பெயர்

மார்ச் 4, திங்கள்

இன்று நாற்பத்தாறு படிவங்கள். கண் எரிகிறது.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களை ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு படிவம் வரும். அதிலுள்ள சொற்களை எண்ணாக்கிக் கணினியில் ஏற்றுவது என் வேலை. 'வீட்டில் இருப்பவர்' என்ற கட்டத்தில் மனைவி 1, கணவன் 2, மகள் 3, மகன் 4, மருமகள் 5. காலையிலிருந்து 1, 3, 5 என்றே தட்டிக்கொண்டிருந்தேன். மாலையில் ஒரே ஒரு 4 வந்தது. பக்கத்து மேசை அக்காவிடம் காட்டினேன்.

"திருப்பிப் பாரு, கல்யாணம் ஆகாதவனா இருப்பான்."

திருப்பிப் பார்த்தேன். ஆகவில்லைதான்.

மார்ச் 7, வியாழன்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் அம்மாவுக்கு இன்றும் வலது கை அசையவில்லை. பேச்சு துண்டு துண்டாக வருகிறது. வரும் புதன் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கட்டில் தருவார்கள். வாரம் இரண்டு முறை நர்ஸ் வருவார். ஆனால் பெயர் கொடுத்த ஒருவர் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை வீட்டிலேயே இருக்க வேண்டும், செய்ததையெல்லாம் தினமும் தாளில் எழுத வேண்டும். நர்ஸ் சொல்லிக்கொண்டு வரமாட்டார். இரண்டு முறை ஆள் இல்லையென்றால் கட்டில் திரும்பிப் போகும், அம்மாவை ஊருக்கு வெளியே இருக்கும் விடுதியில் சேர்த்துவிடுவார்கள்.

நூறு முறை படித்த விதி. பத்து மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை.

மார்ச் 8, வெள்ளி

பணி ஆணை வந்துவிட்டது. தலைமை அலுவலகம், நிரந்தர வேலை. பஸ்ஸில் ஆறு மணி நேரம். ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். உறையைக் கைப்பையின் அடியில் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலைச் சுற்றி நாலு பேரும் நின்றோம். படிவம் என் கையில்.

"இவ இருந்துக்கட்டும். டெம்பரவரி வேலதானே," என்றான் அண்ணன்.

துணிக் கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டை மடிக்கும் அண்ணி இங்கேயும் அம்மாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒன்... பேரே... எழுது."

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்துக் கொடுத்தார். எழுதினேன். உறவு: மகள்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் தூக்கம் வராமல் செய்கிறது. உறையைப் பற்றி வாயைத் திறந்தேனா? இல்லை. காலேஜிலும் இப்படித்தான், பதில் தெரிந்தாலும் கை தூக்கமாட்டேன்.

மார்ச் 11, திங்கள்

எண் பட்டியல் என் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறது. ஒரு வருஷமாகப் பார்க்கிறேன். இன்றுதான் அந்த இரண்டாவது வரி கண்ணில் பட்டது.

கணவன்.

அப்பா பஸ் டிப்போ கேட்டில் இருபத்தெட்டு வருஷம் வாட்ச்மேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஒன்பது மணிக்கு டிப்போ டீக்கடைக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவார். நேற்று எனக்குப் பேனா கொடுத்தவரே அவர்தான். அண்ணனுக்குத் தோன்றவில்லை, சரி. தினமும் இந்தக் கட்டத்தையே நிரப்பும் எனக்குமா தோன்றவில்லை?

மார்ச் 12, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், அப்பா இருக்கட்டும் என்று. உறையையும் காட்டினேன். புதுப் படிவத்தை நர்ஸிடம் முன்பே வாங்கி வைத்திருந்தேன்.

"நானா? ஒரு டம்ளர்கூட கழுவுனதில்லையேம்மா," என்றார் அப்பா.

அண்ணன் சிரித்தான். "அப்பா தொட்டாருன்னா அம்மா எழுந்து ஓடிருவாங்க. சீக்கிரம் கொணமாயிடும்."

அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மாமா இத்தன வருஷம் ஒரே எடத்துல ஒக்காந்து வர்ற வண்டி போற வண்டியெல்லாம் பாத்தவருதானே. வீட்டுல ஒக்கார மாட்டாரா?"

அப்பா படிவத்தை வாங்கிப் பார்த்தார். "எட்டு டு ஆறு. ஒரே ஷிஃப்டுதானா?"

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஆம்பள கையால... என்னைய... கழுவறதா. நீ... போ."

படிவத்தில் 2.

மார்ச் 31, ஞாயிறு

கிளம்பிவிட்டேன். போய்வருகிறேன் என்றேன். அம்மா திரும்பவில்லை.

பஸ் நிறுத்தம் வரை அண்ணி வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. "நாலு மணிக்கு எழுந்து அத்தைய குளிப்பாட்டிட்டு, சமச்சு வெச்சுட்டு ஓடறேன். மாமா வீட்டுல இருக்காரு. இருக்காரு, அவ்ளோதான்."

அவள் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மாலை ஐந்து மணிக்கு மூன்றாவது வாரமாகப் போன் செய்தேன். அப்பா அம்மாவின் காதில் வைக்கிறார். மூச்சு மட்டும் கேட்கிறது.

மே 6, திங்கள்

இங்கே என் வேலை தினசரித் தாள்களை எண்ணாக்குவது. எங்கள் ஊர்த் தாள்கள் என் கட்டுக்கே வந்தன, எங்கள் வீட்டுடையதும். அப்பாவின் கையெழுத்து அடியில். மேலே எல்லாம் அண்ணியின் எழுத்து. குளிப்பாட்டியது, துணி மாற்றியது, ஊட்டியது — ஏழு மணிக்கு முன்னால் அல்லது ஆறு மணிக்கு அப்புறம். நடுவில் 'ஓய்வு'. கணினி ஏற்றது அந்த நடுவை மட்டும்தான்.

மேலதிகாரி மேடம் எட்டிப் பார்த்தார். "கணவரா? பரவால்லயே. இந்த மாதிரி நாலு கேஸ் இருந்தா அறிக்கையில ஒரு பத்தி எழுதலாம்."

தலையாட்டினேன். அந்தப் பத்தியில் அண்ணி இருக்கமாட்டாள்.

மே 10, வெள்ளி

அண்ணி பேசினாள். "காலை ஷிஃப்டுக்கு மாத்திட்டாங்க. அஞ்சரைக்கெல்லாம் வண்டி வந்துரும். தாளு, சீப்பு, சோப்பு எல்லாத்தையும் மாமா கையில குடுத்துட்டேன். இனிமே அவரு பாடு, அத்த பாடு."

கோபமா, நிம்மதியா? குரலில் தெரியவில்லை.

மே 19, ஞாயிறு

போன் செய்யவில்லை. ஆறு வாரம் மூச்சு கேட்டாயிற்று.

மே 26, ஞாயிறு

இன்றும் இல்லை. துணி துவைத்தேன். தூங்கினேன்.

மே 27, திங்கள்

அடுத்த கட்டு வந்தது. எங்கள் வீட்டுத் தாளைப் பிரித்தேன். அண்ணியின் எழுத்து இல்லை. அச்சடித்த கட்டங்களின் மேலேயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடது ஓரத்தில் நேரம். டிப்போ கேட் நோட்டை அப்பா இப்படித்தான் எழுதுவார். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன்.

'8.00 பணி தொடங்கியது. 9.40 தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். சூடு போதாது என்றாள். 9.50 மறுபடி கொடுத்தேன். 11.15 துணி மாற்றினேன். அழுதாள். 11.30 நர்ஸ் உள்ளே. 11.55 நர்ஸ் வெளியே.'

மூன்று நாள் தள்ளி: '11.15 துணி மாற்றினேன். திட்டினாள்.'

அதற்கும் இரண்டு நாள் தள்ளி: '11.15 துணி மாற்றினேன். ஒன்றும் சொல்லவில்லை. தலை வாரினேன். வகிடு கோணல் என்றாள்.'

தண்ணீருக்கு எண் இருக்கிறது. துணிக்கு இருக்கிறது. திட்டியதற்கு இல்லை. 9 என்று போட்டேன், பிற.

கடைசித் தாள் 19ஆம் தேதி.

'4.50 போனைக் கட்டிலில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். 5.00 மகள் நேரம். 5.30 வரவில்லை. 5.40 சார்ஜ் இருக்கிறதா பார் என்றாள். இருக்கிறது. 6.00 பணி முடிந்தது.'

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. ஆறு மணிக்கு மேல் அப்பா எழுத வேண்டியதில்லை. கணினியிலும் ஆறு மணிக்கு மேல் இடமில்லை. இரண்டு முறை தட்டிப் பார்த்தேன், ஏற்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

6.20 மறுபடி பார் என்றாள்.