மட்கார்டைக் கழற்றிய பாவம்

ஞாயிறு இரவு.

உப்பளக் கரையில் என் அகல சீட்டு சைக்கிளைத் தினமும் தன் சைக்கிளில் முந்திப் போவார் என் மனைவியின் அண்ணன். "என்னா மாப்ள, மாட்டு வண்டிக்கு மூச்சு வாங்குதா?" என்பார், உப்பு வாரும் பெண்கள் எல்லாரும் கேட்க.

பழி தீர்க்க ஒரு வாரம் உழைத்தேன். டயரில் காற்றை இறுக்கினேன். சீட்டை உயர்த்தினேன். எடை குறையட்டும் என்று மட்கார்டையும் கழற்றினேன். இன்று முந்தியே விட்டேன்! பின்சக்கரம் வாரியடித்த உப்புச் சேறு அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க, மீசையிலும். என் முதுகிலும்தான், பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கத்தினாள்: "நம்ம பொண்ணு கல்யாணத்துக்காகப் பையன் வீட்ல பேசக் கெளம்புனவருங்க அவரு! இனிமே போவ மாட்டேன்னுட்டாரு!"

நாளை அவர் காலில் விழ வேண்டுமாம். மகளுக்காக விழுவேன். இன்று சேறு வழிந்த அந்த மீசையைப் பார்த்துச் சிரிக்காமல் எழுந்திருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.