ஆறாவது வீடும் முட்புதரும்

2025 பிப்ரவரி 24, திங்கள்

நாளை உயிரின ஆய்வாளர் மனையைப் பார்க்க வருகிறார். என்னிடம் வேலை பார்க்கும் டென்சிலை இயந்திரத்தோடு வரச்சொல்லி, கொட்டகைக்குப் பின்னால் மண்டிக் கிடந்த முட்புதரையெல்லாம் மழித்துவிட்டேன். வீட்டுக்கு ஆள் வந்தால் கூட்டி வைப்பதில்லையா? இங்கிலாந்தின் இந்தக் கோடியில், கார்ன்வாலில், இருபத்தெட்டு வருஷமாக வீடு கட்டி விற்கிறேன். அலங்கோலமான மனையைக் காட்டி எனக்குப் பழக்கமில்லை.

இந்த மனையில் வரப்போவது ஆறு வீடுகள். ஆறாவது என் மகள் கெரன்சாவுக்கு. குளிர்காலம் முழுக்க அவளுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கடலோரத்தில் வாடகை வீடு. மே மாதம் சுற்றுலாக்காரர்கள் வந்ததும் வீட்டைக் காலி செய்து, மூட்டை முடிச்சோடு சக்கரம் வைத்த கேரவன் கூண்டுக்கு. நாலு வருஷமாக இதே கூத்து. போதும்.

பிப்ரவரி 25

ஆய்வாளர் பெயர் டாம்சின். நல்ல பெண். மழித்த மண்ணைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இங்க புதர் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நேத்துதான் சுத்தம் பண்ணேன், உங்களுக்காக." பெருமையாக வேறு சொன்னேன்!

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். புதிதாகக் கட்டுகிறவர்கள் முன்பு இருந்ததைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகச் செடிகொடிக்கும் பூச்சி பறவைக்கும் இடம் தர வேண்டும் என்பது சட்டம். இருந்தது வெறும் மண் என்றால் கொடுக்க வேண்டியதும் குறையும், நாலு மரம் நட்டால் தீர்ந்தது என்பது என் கணக்கு. "2020 ஜனவரிக்கு அப்புறம் வெட்டினா, வெட்டாத மாதிரிதான் எழுதணும், மிஸஸ் ரோஸ்வேர்." இனி அந்தப் புதருக்கும் ஈடு கொடுக்கணும், அதற்கு மேல் பத்து சதவீதமும் கொடுக்கணும். அது தேறாமல் மண்வெட்டி வைக்க முடியாது.

மார்ச் 6

டென்சில் சொல்கிறான்: "எப்பவுமே புல்தரைதான்னு சொல்லிடலாமே அக்கா."

"வானத்துல இருந்து எடுத்த படம் அவகிட்ட இருக்கு. அதுல உன் இயந்திரத்தை ஓட்டுவியா?"

படம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். என் வாயால் பொய் சொல்லி ஒரு செங்கல் கூட வைத்ததில்லை.

மார்ச் 19

கணக்கு வந்துவிட்டது. வேலியோரம் செடி, மூலைக்கு மூலை மரம், என்ன போட்டாலும் உதைக்கிறது. மறுபடி புதர் வளரவிட ஒரே இடம்தான். ஆறாவது வீடு நிற்க வேண்டிய இடம். "அஞ்சு வீடுன்னா தேறிடும்" என்கிறாள் டாம்சின்.

கெரன்சாவிடம் சொன்னேன். "பரவாயில்லம்மா" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள். திட்டியிருக்கலாமே என்னை! யாரைக் குறை சொல்ல? நானேதானே ஆள் வெச்சு அவ வீட்டை வெட்டிப் போட்டேன்.

மார்ச் 20

நன்றாகத் தூங்கினேன். அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை. வழி இருக்கும்.

ஏப்ரல் 2

இருக்கிறது. குறைகிற பங்கை வேறு நிலத்திலும் ஈடுகட்டலாமாம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் புல்வெளி இருக்கிறதே. கோடையில் வாரம் இரண்டு முறை வெட்டுவேன், கோடு கோடாக. டாம்சினை அழைத்துப் போய்க் காட்டினேன்.

"இவ்வளவு உயிரில்லாத புல்லை நான் பாத்ததே இல்ல."

முகம் சுருங்கிவிட்டது எனக்கு.

"அட, அதுதான் நமக்கு நல்லது. எதை வளர்த்தாலும் கூடுதல்தான்" என்று சிரித்தாள்.

ஆனால் ஏக்கர் முழுக்க வேண்டும். முட்புதர், காட்டுப்பூ. முப்பது வருஷத்துக்கு எதுவும் கட்டக்கூடாது. அங்கேதான் மாடிப்படி இல்லாத ஒரு சின்ன வீடு கட்டுவதாக இருந்தோம், என் கணவர் க்ளைவும் நானும். அவருக்கு இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்துவிட்டது. அவரிடம் எந்த வாயால் கேட்பது?

ஏப்ரல் 3

கேட்டுவிட்டேன். க்ளைவ் கறி வைத்துச் சுட்ட பாஸ்டியில் பாதியைத் தின்றிருந்தார்.

"முப்பது வருஷமா? அப்ப உனக்குத் தொண்ணூத்தி மூணு."

"இருப்பேன்."

"அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. என்னை நெனச்சாத்தான் பாவமா இருக்கு." மீதி பாஸ்டியைத் தட்டில் வைத்தார். "கெரன்சாவுக்கு வீடு நிக்குமா?"

"நிக்கும்."

"அப்புறம் என்னத்துக்கு இழுக்குற. டீ போடு."

நல்ல மனுஷன். இதை நேரில் சொன்னால் தலைக்கேறும், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 11

கவுன்சிலில் கையெழுத்துப் போட்டோம். ஆறு வீட்டுக்கும் வழி பிறந்தது.

ஆகஸ்ட் 9

பக்கத்து வீட்டு மிஸஸ் நான்கிவெல் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "உடம்பு சரியில்லையா ஹிலரி? புல்லு இப்படிக் கெடக்கே."

"சட்டப்படி கெடக்குது" என்றேன். முள் துளிர்க்கிறதைப் பார்க்கக் கை அரிக்கத்தான் செய்கிறது. தொடவில்லை.

2026 மே 2, சனி

கடலோர வீட்டுக்குச் சுற்றுலாக்காரர்கள் வந்துவிட்டார்கள். கெரன்சா மூட்டை கட்டி நேரே ஆறாவது வீட்டுக்குப் போனாள். மற்ற ஐந்துக்கும் முன்னால் அதைத்தான் முடித்தேன். என் கம்பெனி, யார் கேட்பது? பிள்ளைகள் சுவரில் ஆணி அடிக்கலாமா என்று கேட்டார்கள். எத்தனை வேண்டுமானாலும் அடியுங்கள் என்றேன்.

மாலையில் எங்கள் வீட்டில் டென்சிலும் நானும் மாடியிலிருந்து ஒரு கட்டிலைக் கீழே கூடத்துக்கு இறக்கினோம். ஒரு மாதமாகவே க்ளைவ் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் மாடி ஏறுகிறார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

"நீ மேலயே படுத்துக்கோ, உனக்கு அந்த ஜன்னல் பிடிக்கும்" என்றார்.

மேலே போய் என் தலையணையையும் எடுத்து வந்தேன்.