கிராட்டில் காலுறை

ஹாரிஸ் தீவு
3 மார்ச் 1936

அன்புள்ள ரேச்சல் அக்காவுக்கு,

நீ அனுப்பிய பிஸ்கட் வந்து சேர்ந்தது. அப்பா ஒன்றைத் தின்றுவிட்டு, "கிளாஸ்கோவுல இதுக்குப் பேரு சாப்பாடா?" என்றார். பிறகு இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

நான் நன்றாயில்லை அக்கா. ஆங்கஸ் அண்ணனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து, படகில் அவன் உட்கார்ந்த பலகையில் அப்பா என்னை உட்காரவைத்திருக்கிறார். கரை விலகியதும் எனக்கு மூச்சு அடைக்கிறது. பூங்காவில் தோட்ட வேலை பார்த்து வைத்திருக்கிறேன், வந்துவிடு என்று எழுதுகிறாய். பயமாயிருக்கிறது என்று அவரிடம் எந்த வாயால் சொல்வேன்? படகிலும் அவர் முகம், வீட்டிலும் அவர் முகம். எங்கே ஓடுவது?

உன் தம்பி
ஃபின்லே

கிளாஸ்கோ
10 மார்ச்

என் கண்ணு ஃபின்லே,

வாயால் சொல்ல முடியாவிட்டால் காலால் சொல்லேன், மண்டு! கிராட்டில் சாயம் போட்ட காலுறையோடு வருகிறவனை நம்மூரில் யார் படகில் ஏற்றியிருக்கிறார்கள்? பாறைக் கல்பாசியில் எடுத்த சாயம், ஆளையும் கடலடிப் பாறைக்கே இழுத்துப்போகும் என்று கென்னத் சித்தப்பா புதுச் சட்டையையே திருப்பிக் கொடுத்தாரே! படகில் இடமில்லை என்று ஆனால் அப்பாவே உன்னை இங்கே அனுப்பிவிடுவார், நீ வாயே திறக்க வேண்டாம்.

அம்மா இருந்தவரை அவளோடு பாசி சுரண்டப் போனவள் நான். உனக்கு ஒன்றும் தெரியாது, கேட்டுக்கொள். கிராட்டில் சாம்பல் நிறம். மேட்டுப் பாறையில் இலை இலையாய் ஒட்டியிருக்கும். மேலே வலை பின்னினாற்போல வெள்ளைக் கோடு ஓடும், புரட்டினால் அடி கறுப்பு. மழை விட்டதும் போனால் கரண்டிக்கே வந்துவிடும். இரும்புப் பானையில் கம்பளிக் காலுறையும் பாசியுமாய் அடுக்கி, தண்ணீர் ஊற்றி, நாள் முழுக்கக் கொதிக்கவிடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்து தொலைக்காதே, பாதிரியார் புகையை மோப்பம் பிடித்து வந்துவிடுவார்.

அக்கா
ரேச்சல்

ஹாரிஸ்
21 மார்ச்

அக்கா,

மானம் போயிற்று. அப்பா ஆட்டுச் சந்தைக்குப் போன அன்று, மேட்டுக்கு ஏறச் சோம்பல்பட்டு, கரைப் பாறையிலேயே சுரண்டிவந்தேன். காலுறை மஞ்சளாய் வந்து நிற்கிறது! ஏதோ பூச்சாயம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். "யாருடா இது, வாத்துக்குஞ்சு?" என்று கென்னத் சித்தப்பா சிரித்தார். "மீனுக்குப் புடிக்கும், ஏறு" என்றார் அப்பா. ஏறினேன். என்னால் முடியவில்லை அக்கா.

ஃபின்லே

கிளாஸ்கோ
28 மார்ச்

அட சோம்பேறி!

கடற்பறவை உட்கார்ந்து எச்சமிடும் கல்லில் வளர்வது மஞ்சள் பாசி. அதைப் போய்க் கிராட்டில் என்று கொதிக்கவைத்தாயா? கரையைவிட்டு மேலே ஏறு. சாம்பல் நிறம், அடி கறுப்பு. புரட்டிப் பார்க்காமல் பானையில் போடாதே. உனக்குக் கட்டில்கூடப் போட்டுவைத்துவிட்டேன், சீக்கிரம் வா.

ரேச்சல்

ஹாரிஸ்
16 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தமுறை புரட்டிப் பார்த்தேன். அடி கறுப்புத்தான். காலுறை நல்ல செம்பழுப்பாய் வந்தது.

கரையில் அதைப் பார்த்ததும் கென்னத் சித்தப்பா துடுப்பைக் கீழே போட்டார். "இவன் ஏறுனா நான் இறங்கிருவேன், அண்ணே."

அப்பா என் காலையே பார்த்தார். "தெரிஞ்சுதான் போட்டியா?"

"ஆமாப்பா."

அடி விழும் என்று நினைத்தேன். "கழட்டு" என்றார். கழற்றிவிட்டுக் கூழாங்கல்லில் வெறுங்காலோடு நின்றேன். அவர் அங்கேயே உட்கார்ந்து, தம் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, என் காலுறையை மாட்டிக்கொண்டார்.

"என்னையும் ஏத்தாதடா, கென்னத். ஆங்கஸ் போனதுலேருந்து எனக்கும் கடல்னா பயமா இருக்கு. யார்கிட்டடா சொல்றது?"

ஊரே பார்க்க அழுதார் அக்கா.

படகு இப்போது சித்தப்பாவிடம். அப்பா அடுப்பைவிட்டு நகர்வதில்லை. நான் தண்ணீர் எடுக்கக் கிளம்பினாலும் "எங்கடா போற?" என்று வாசல்வரை வருகிறார். திரும்பி வரும்வரை அங்கேயே நிற்கிறார். இந்த மனிதரைத் தனியே விட்டுவிட்டு உன்னிடம் எப்படி வருவேன்?

கடலுக்குப் போக வேண்டாம் என்று ஆகிவிட்டது, அதுவரை உனக்குப் புண்ணியம். பூங்கா வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு. கட்டிலையும் எடுத்துவிடு, அக்கா.

ஃபின்லே