ஹாஜியாரின் இத்தாலியக் கார்

செவ்வாய்க்கிழமை, கொட்டாஞ்சேனை

இன்று ஒரு பொய் சொல்லிவிட்டேன்.

புறக்கோட்டை ஹாஜியாரின் இத்தாலியக் கார் இரண்டு கிழமையாக என் கராஜில் நிற்கிறது. இருக்கைகளுக்குப் பின்னால் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். புகைக்குழாய்களை எல்லாம் ஒரே நீளத்தில் வளைத்திருக்கிறார்கள். வேகமெடுக்கும்போது பன்னிரண்டும் ஒரே குரலாகக் கேட்பது அதனால்தான். எஞ்சினுக்குள்ளே சுற்றும் செயின் சற்றுத் தளர்ந்தாலும் அந்தக் குரலுக்கு மேலே மெல்லிய கிணுகிணுப்பு வரும். அதைக் கேட்டுச் சொல்வேன் என்றுதான் முப்பது வருடமாக என்னிடம் வருகிறார்கள்.

மாலையில் ஹாஜியார் வந்து எஞ்சினை முடுக்கினார். நெஞ்சில் அதிர்வு தெரிந்தது. கிணுகிணுப்பு இருந்ததா என்று தெரியவில்லை. மெல்லிய சத்தங்கள் இனிக் கேட்காது என்று களுபோவில ஆஸ்பத்திரியின் காது டொக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்.

"எப்புடி அன்டன், நாளைக்கு ஹைவேல ஓட்டலாமா?"

"ஓம் ஹாஜியார், சத்தம் நல்லா இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்புத்தான். அந்த வேகத்தில் செயின் அறுந்தால் எஞ்சின் இறுகி, கார்ச் சில்லுகள் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். அவருடைய மகளும் கூடப் போவாள். ஃபோன் எடுத்து உண்மையைச் சொன்னேன். அவர் சொன்ன பதில் விளங்கவில்லை. மனைவி மெர்சி ஃபோனை வாங்கிக் கேட்டுவிட்டு, என் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள்.

"கோவமில்லையாம். உங்கட உடம்பப் பாக்கட்டாம். காரை இனி கார்க் கொம்பனி ஏஜன்டிட்டயே குடுக்கிறாராம்."

விடிந்ததும் காரை ஏற்றிப்போக லொறி வரும். கார்த் திறப்பை மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன். என்னிடம் கார் கொண்டுவரும் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லத்தான் வேண்டும். யாருக்கு முதலில் என்று தெரியவில்லை.