பிரியந்தி பெயரில் ஒரு முகவரி

11 பெப்ரவரி 2024, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து மின்னஞ்சல் நிர்வாகத்தைக் கவனித்தேன். உலகத்தில் சிலர் மாவட்டங்களை நிர்வகிக்கிறார்கள், சிலர் தேயிலைத் தோட்டங்களை. எனக்கு வாய்த்தது ஐந்து முகவரிகள். அப்பா, நான், தம்பி கிளைவ், அவன் மனைவி பிரியந்தி. ஐந்தாவது, 'குடும்பம்' என்ற பொது முகவரி. அதற்கு எழுதினால் நான்கு பேருக்கும் போகும். இதுவரை எழுதியவர்கள் காப்புறுதி விற்பவர்கள் மட்டுமே.

போன வருஷம் கிளைவ் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பரிசு இது. இணையத்தில் எங்களுக்கென்று சொந்தமாக ஒரு பெயர். அப்பாவின் பெயரான லோரன்ஸை மட்டும் கேட்டுப் பார்த்தானாம். அதை வெள்ளைக்காரர்கள் எப்போதோ எடுத்துவிட்டார்கள். அதனால் பின்னால் எங்கள் ஊர் வட்டகொடையைச் சேர்த்துக்கொண்டோம். நீளம் அதிகம். வங்கியில் இருக்கும் பெண் ஒவ்வொரு தடவையும் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிவிட்டு, "ஜீமேல் நெத்த மிஸ்?" என்கிறாள். ஜீமெயில் இல்லையா என்று அவளுக்கு உண்மையான கவலை.

பெயரை வாங்கியது கிளைவ், ஆண்டுக் கட்டணமும் அவன் அட்டையில்தான். கடவுச்சொல்லும் வேலையும் என்னிடம். டீச்சர்களுக்கு நேரம் இருக்கும் என்று அவன் நினைக்கிறான்.

அதிகம் சந்தோஷப்பட்டவர் அப்பா. முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். லயத்து வரிசை வீடுகளுக்கு வரவேண்டிய கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, அங்கே யாருக்காவது கை ஓய்ந்தால்தான் வந்துசேரும். என் ஆசிரியர் கலாசாலை நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்த பிறகு பத்திரமாக வந்தது. "இனிமே நம்ம தபாலு நம்ம வீட்டுக்குத்தான் வரும்" என்று அப்பா சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. கல்யாணமாகி வந்து சில மாதமே ஆகியிருந்த பிரியந்தியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வங்கி, வேலை, விண்ணப்பம் எல்லாவற்றிலும் புது முகவரியை மாற்றவைத்துவிட்டுத்தான் எழுந்தார். அது அவருடைய வரவேற்பு.

25 பெப்ரவரி

பிரியந்தி தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். பூண்டுலோயாவுக்கு.

அவள் தலவாக்கலையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். கிளைவுக்கு அது பிடிக்கவில்லை. வாரக் கடைசியில் வந்தவன் அவள் பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். வாழ்நாளில் அரிசி களைந்திராத ஒருவனால்தான் அப்படியோர் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.

சாயந்திரம் உலைக்கு அரிசி அள்ளும்போது அவள் கையில் அகப்பட்டது. சோறாக்கினாள், நான்கு பேருக்கும் போட்டாள், கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். காலையில் ஒரு பையோடு முதல் பஸ்ஸில் போய்விட்டாள்.

3 மார்ச்

கிளைவ் கொழும்பிலிருந்து அழைத்தான். சாப்பாடு, மழை, அப்பாவின் முழங்கால். பிறகு, குரலை மாற்றாமலே:

"அவளுக்கு வர்ற மெயிலெல்லாம் எனக்கும் ஒரு கொப்பி வர்ற மாதிரி செஞ்சு விடுக்கா. அவளுக்குத் தெரியாது."

முடியுமா என்று பார்த்தேன். முடியும். ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு சரி அடையாளம். அவ்வளவுதான். இத்தனை சுலபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் கஷ்டமாக இருந்திருந்தால், தெரியவில்லை தம்பி என்று பொய் சொல்லித் தப்பியிருக்கலாம்.

முடியும், ஆனால் செய்யமாட்டேன் என்றேன். வைத்துவிட்டான்.

4 மார்ச்

மழை. கிளைவ் அழைக்கவில்லை.

9 மார்ச்

இன்று அழைத்தான். "சரி, அப்ப வெட்டு. குடும்பத்துல இல்லாதவளுக்குக் குடும்ப முகவரி எதுக்கு?"

வெட்டு என்ற சொல்லை அவன் தேடிப் பிடிக்கவில்லை, தானாக வந்தது. தோட்டத்துப் பதிவில் ஒருவருக்குப் பேர் இருந்தால் வேலை இருக்கிறது, லயத்தில் அறை இருக்கிறது. பேர் வெட்டுப்பட்டால் அறையும் போகும். கிளைவ் தோட்டத்தை விட்டுப் பதினேழு வயதில் போனவன். தேயிலைக் கொழுந்தின் பெயர்கூட மறந்திருப்பான். துரைமார் செய்ததில் இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் கொண்டுபோயிருக்கிறான்.

அப்பா வெட்டவேண்டாம் என்கிறார். "முகவரி இருந்தா ஆளு வரும்ல." அவர் நம்பிக்கை அது. தினமும் காலையில் பிரியந்திக்கு ஒரு பூப் படத்தை அனுப்புகிறார்.

ஆக, ஒருவர் அவளைத் தண்டிக்க வெட்டச் சொல்கிறார். ஒருவர் அவளை வரவழைக்க வைத்திருக்கச் சொல்கிறார். முகவரிக்கு உரியவளை யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

16 மார்ச்

பூண்டுலோயா போய் வந்தேன். பிரியந்தியின் அம்மா தேநீரும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு, வேண்டுமென்றே குசினியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார். ஒட்டுக் கேட்கவில்லை என்று காட்ட.

நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவளும் அப்படியே சொன்னாள். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. ஆனால் அயர்லாந்துக் கோப்பு அந்த முகவரியில் திறந்தது. நடுவில் மாற்றினால் கோப்பு பின்னால் போய்விடும், முடிவுக் கடிதம் வரும்வரை தொடாதே என்று வேலை முகவர் சொல்லியிருக்கிறார்.

"அதுவரைக்கும் மட்டும் விட்டு வைங்க அண்ணி. அப்பறம் நானே சொல்றேன், எடுத்துருங்கன்னு."

சரி என்றேன். என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"எனக்கு வர்றத நீங்க படிக்கிறீங்களா?"

"இல்ல."

"நெனச்சா படிக்க முடியுமா?"

"முடியும்."

அவள் பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

கிளைவ் கொப்பி கேட்டதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா? பஸ் வட்டகொடைக்கு வந்து சேரும்வரை அதையே யோசித்தேன்.

14 ஏப்ரல்

கிளைவ் புத்தாண்டு விடுமுறைக்கு வந்திருக்கிறான். பகல் சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியை என் முன்னால் வைத்தான்.

"இப்பவே எடு. நான் பார்க்கணும்."

"கடிதம் வந்ததும் அவளே எடுக்கச் சொல்லுவா."

"நீ யாரு பக்கம்க்கா?"

"தபால் பக்கம்."

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"அவ போயிட்டா நான் என்னா பண்றது?" என்றான். இந்த இரண்டு மாதத்தில் அவன் கேட்ட ஒரே நேரான கேள்வி. மேசையைத் துடைத்தேன். அதற்குள் அவன் பழைய குரலுக்குத் திரும்பிவிட்டான். பெயர் அவனுடையதாம். ஜூன் இருபதாம் தேதி தவணை. கட்டமாட்டானாம். "எல்லாருக்கும் போகட்டும்."

என்ன பேச்சு இது? பக்கத்து அறையில பெத்த அப்பா உக்காந்திருக்காரு — அவரு பேருடா அது! ஒருத்திய வெளிய தள்ளணும்னு லயத்தையே இடிப்பானா? ஓய்வூதியக் கடிதம் வருது, டொக்டர் கிளினிக் தேதி வருது — அதெல்லாம் யாரு வீட்டுக்கு வரும்?

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அவனிடம் சொன்னது, "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்தட்டுமா?"

2 ஜூன்

கடிதம் இல்லை. பிரியந்தியிடம் இருபதாம் தேதியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்து அழைத்தேன். காரணத்தையும் சொன்னேன், கொப்பி கேட்டதையும் சேர்த்து.

"இந்த மாசம் வரலாம், அடுத்த மாசமும் வரலாம்னு சொல்றாங்க அண்ணி" என்றாள். கிளைவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்காவது பள்ளிக்கூடம் இருக்கிறது, வீடு இருக்கிறது. அவளுக்கு இப்போது இருக்கிற வழி அந்த ஒரு முகவரிதான். அதுவும் எங்கள் வீட்டுப் பெயரில்.

9 ஜூன்

இருபதாம் தேதி விஷயம் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. கிளைவ்தான் சொல்லியிருக்கிறான். அப்பா அவனைத் திட்டவில்லை. தான் பேர் வெட்டிய வீடுகளைப் பற்றி என்னிடம் ஒருபோதும் பேசாதவர், இன்று ஒன்றைச் சொன்னார். மேலிடத்து உத்தரவாம். அந்த வீட்டுக்காரர் பிறகு டவுனில் கண்டால்கூட வணக்கம் வைப்பாராம். "வைக்காம இருந்திருக்கலாம்" என்றார். அதோடு வானொலிச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

15 ஜூன்

கட்டிவிட்டான். பெயர் விற்ற கம்பெனியின் பற்றுச்சீட்டு, நிர்வாகி என்ற முறையில் எனக்கும் வந்தது. இன்னும் ஒரு வருஷம்.

மனம் மாறியதாக நினைத்துக் கொஞ்ச நேரம் சந்தோஷப்பட்டேன். பிறகு அப்பா மூலம் விஷயம் தெரிந்தது. அவனுடைய கடன் அட்டை, சம்பளக் கணக்கு எல்லாம் இதே முகவரியில்தான் இருக்கின்றன. மாற்றவேண்டுமென்றால் வதிவிடத்தை நிரூபிக்கத் தன் பெயரில் ஒரு மின்சாரக் கட்டணப் பட்டியலோடு கிளைக்கு வா என்று வங்கி சொல்லியிருக்கிறது. அவன் இருப்பது வாடகை அறையில். பட்டியல் வீட்டுக்கார அம்மாவின் பெயரில். கொழும்பில் பதினைந்து வருஷம் வேலை செய்தும், தான் எங்கே இருக்கிறான் என்று காட்ட அவனிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

சிரிக்கலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். சிரிப்பு வரவில்லை.

19 ஜூலை

"வந்துருச்சு அண்ணி." ஒரு தடவை சொன்னாள். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக.

அப்பாவிடம் சொன்னேன். "எப்ப வர்றாளாம்?" என்றார்.

"வரல்ல அப்பா. போறா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

8 செப்டெம்பர், ஞாயிறு

பிரியந்தி போகுமுன் அப்பாவைப் பார்க்க வந்தாள். அவள் குனிந்து காலைத் தொட்டாள். அப்பா அவள் நெற்றியில் சிலுவை போட்டார். அவள் வைத்திருந்த குங்குமம் அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. அதை அவர் உடனே துடைக்கவில்லை.

"சாப்பாடு பழகுற வரைக்கும் கொஞ்சம் சிரமமா இருக்கும்" என்றார், அயர்லாந்துக்கு அடிக்கடி போய் வருபவரைப் போல.

"சரி மாமா" என்றாள் அவள்.

கிளைவுக்குத் தேதியைச் சொல்லியிருந்தேன். அவனுக்கு வேலை இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை.

10 நவம்பர்

பிரியந்தியிடமிருந்து மின்னஞ்சல், புது முகவரியிலிருந்து. வேலை, அறை, பஸ் எல்லாம் பிடிபட்டுவிட்டது. வங்கியிலும் மற்ற இடங்களிலும் புது முகவரியைக் கொடுத்து முடித்துவிட்டாளாம். 'இனி பழையதை எடுத்துவிடுங்கள் அண்ணி. இவ்வளவு நாள் வைத்திருந்ததற்கு நன்றி.'

எடுக்கப் போனால், நிச்சயமாகவா என்று கேட்கிறது. இந்தப் பெயரில் உள்ள யாவும் அழிந்துபோகும், திரும்ப எடுக்க முடியாது என்கிறது. யாருக்குமே இவ்வளவு மரியாதையாகப் பேர் வெட்டுப்பட்டதில்லை.

எடுத்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது ஒன்றைத்தான் கேட்டார். "அவளா கேட்டா?"

"அவதான் கேட்டா."

"அப்ப சரி."

29 டிசம்பர்

கிளைவ் நத்தார் பண்டிகைக்கு வந்தவன் இன்னும் போகவில்லை. இன்று காலை நான் துணி காயப்போடும் இடத்துக்கு வந்து கைப்பேசியை நீட்டினான். நத்தாருக்கு முதல்நாள் பிரியந்திக்கு எழுதியிருக்கிறான். நீளமான மின்னஞ்சல் போலிருந்தது, நான் படிக்கவில்லை. அதற்கு மேல், அப்படியொரு முகவரி இங்கே இல்லை என்ற அறிவிப்பு.

நீதானே எடுக்கச் சொன்னாய் என்று சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த துணியை உதறினேன்.

"புது அட்ரஸ் ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"குடேன்க்கா."

"கேட்டுட்டுத் தர்றேன்."

கோபப்படுவான் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு, கூடையிலிருந்த அப்பாவின் சாரத்தை எடுத்துப் பிழிந்து கொடியில் போட்டான். அப்போதே எழுதிக் கேட்டேன். பின்னேரம் பதில் வந்தது. அவள் பார்த்துக்கொள்ளும் கிழவி ஒருத்தி பால் ஊற்றாத தேநீரைத் தொடமாட்டாளாம். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதாம். இரண்டு காலுறை போட்டும் குளிருகிறதாம். மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள். நான் கேட்ட கேள்விக்கு அதில் ஒன்றும் இல்லை. விட்டுப்போயிருக்குமோ என்று இரண்டாம் முறையும் படித்தேன். அவள் எதையும் விடுகிறவள் இல்லை.

கிளைவ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கேட்டேன், பதில் வந்தது என்றேன்.

"என்னா சொன்னா?"

"அங்க ரொம்பக் குளிருதாம்."

ரயில் ஸ்டேஷன் பக்கம் பார்த்தான். பிறகு, "அவளுக்குக் குளிர் பழக்கந்தானே" என்றான்.

ஆமாம் என்றேன்.