பதினோரு முறை ஓங்கிய குச்சி

மல்லசமுத்திரம்,
ஈசுவர வருடம் பங்குனி 29

சிரஞ்சீவி கந்தவேலுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை. உன் சுகத்துக்கு எழுது. விட்டுப்போகாமலிருக்க, சொல்லவேண்டியதை வரிசையாகக் குறித்துக்கொள்கிறேன்.

1. வீட்டுச் செய்தி.
2. ஓசை இல்லாதது சங்கீதம் ஆகாது என்பது.
3. அதற்கு அத்தாட்சியாகக் கொட்டுக்காரன் காத்தான் செய்த காரியம்.

வாந்திபேதி நின்று நாற்பது நாள் ஆகிறது. உன் தங்கை செல்லாயியின் புடவைகள் இன்னும் கொடியிலேயே கிடக்கின்றன, எடுக்க உன் அம்மா விடுவதில்லை. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. நீ அங்கே காய்ச்சிய தண்ணீரையே குடி.

செல்லாயி செய்தி கிடைத்த மறுவாரம் பம்பாய்ச் சபையில் பிடில் வில்லைத் தந்திமேல் வைத்து, இழுக்காமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய் என்றும், ஜனங்கள் கூச்சலிட்டார்கள் என்றும், இதுவும் சங்கீதந்தானே என்றும் எழுதியிருந்தாய். எனக்குச் சங்கீத ஞானம் குறைவு. ஆனாலும் எழுத்தில்லாத தாளை யாரும் நூல் என்பதில்லை. காசு கொடுத்து வந்தவர்களை நீ ஏமாற்றினாய் என்றே நினைக்கிறேன்.

இங்கேயும் அப்படி ஒன்று நடந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நட்ட கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடும் நாள், கொட்டு முழங்கினால்தான் கம்பம் புறப்படும். காத்தான் குச்சியை ஓங்கினான், அடிக்காமல் இறக்கினான். மறுபடி ஓங்கினான். பக்கத்தில் நின்று எண்ணினேன், பதினோரு முறை. பிறகுதான் அடித்தான். ஊர்க்கவுண்டர் சின்னுசாமி, "ஏண்டா காத்தா, கை சுளுக்கா, இல்லே ஆத்தாளுக்கே வேடிக்கை காட்டறயா?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். அவனோ, "கொட்டிட்டுத்தானுங்க சாமி இருந்தேன், உங்களுக்குக் கேக்கலைன்னா நானென்னங்க பண்றது" என்றான். மறுநாள் பஞ்சாயத்தில், படித்தவன் என்று என்னைக் கேட்டார்கள். கவுண்டர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு பேச்சு வரவில்லை. பதினோரு முறை ஓங்கி அடிக்கவில்லை, அடிக்காதது கொட்டு ஆகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை வைத்துத்தான் கோயிலில் கொட்டும் அவனுடைய முறையைப் பறித்தார்கள். நேற்று பெண்டாட்டியோடு ஓமலூர்ப் பக்கம் போய்விட்டான்.

இதுவரை எழுதியதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை தடவைன்னீங்க?" என்றாள். பதினொன்று என்றேன். "சத்தம் கேட்டா நோவு திரும்பி வந்துரும்னு, கொட்டில்லாமத் தூக்கிட்டுப் போன பாடையும் பதினொண்ணுதானுங்களே. அதுல ஒண்ணு நம்ம செல்லாயி" என்றாள். அன்று கொட்டோடு வாசலுக்கு வந்த காத்தானைத் திருப்பி அனுப்பியவன் நான்தான்.

நாளைக் காலையில் கவுண்டரிடம் போய்த் தாளைத் திருப்பிக் கேட்கவேண்டும். கேட்பேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. மாரியாத்தாள் உன்னையாவது காப்பாற்றட்டும். தண்ணீர் விஷயம் மறவாதே. அன்று நீ வில்லை நிறுத்தி வைத்திருந்தது யாருக்காக என்று நான் கேட்கவேயில்லை. மேலே இரண்டாவதாக எழுதியதை மாற்றாமல் விட்டிருக்கிறேன், எவ்வளவு உறுதியாக எழுதினேன் என்று நீ பார்க்கவேண்டும். அது தவறு.

இப்படிக்கு,
உன் அப்பா
மருதாசலம்