திரை இல்லாத மேசை

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இல்லை, எதிர்ப்பு என்று சொல்ல முடியாது. தயக்கம். ஒரே விதிகளோடு ஒரே கதையை ஆறு வருடம் ஆடியவர்கள் முன்னால் விதிப்புத்தகத்தின் புதிய பதிப்பை வைத்து, இனி இப்படித்தான் என்றால் வேறென்ன வரும்?

ஃபேரர் பார்க்கில் கதிரேசன் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஞாயிறு மதியம் நாங்கள் நால்வர். கதையை நடத்துவது ஆஸ்மா. எந்த ஊரில் மழை, எந்தக் கதவுக்குப் பின்னால் எதிரி, எல்லாம் அவள் சொல்வதுதான். அண்ணன், ஜெய், நான் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்போம். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டுவோம். வெளியிலிருந்து பார்த்தால் வளர்ந்தவர்கள் உட்கார்ந்து அரட்டை அடிப்பது மாதிரிதான் இருக்கும்.

ஜெய் புதிய புத்தகத்தை அட்டையிலேயே வெறுத்துவிட்டான். “படத்தப் பாரு லா. சண்டைக்குப் போறவங்க மாதிரியா இருக்கு? ஸ்கூல் டூர் போற மாதிரி இருக்கு.” தன் பழைய புத்தகம் இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்றார் கதிரேசன் அண்ணன். தூக்கிக் காட்டியபோது அதிலிருந்து இரண்டு தாள்கள் உதிர்ந்தன.

ஆஸ்மா சிரிக்கவில்லை. பழைய விதிகளில் இனி நடத்த மாட்டேன் என்றாள். வேண்டாமென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இப்படிப் பேசுகிறவள் இல்லை.

சரி என்றோம். மூன்று பேரும், மூன்று விதமான முகத்தோடு.

5 ஆகஸ்ட், செவ்வாய்

வேலை முடிந்து வந்து புதிய புத்தகத்தைப் படித்தேன். காயம் சீக்கிரம் ஆறுகிறது. மந்திரக்காரர்களின் கையைக் கட்டிவிட்டார்கள். இணையத்தில் பழைய ஆட்டக்காரர்கள் துக்க வீட்டில் கூடியவர்கள் போல எழுதுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது ஒரே ஒரு பத்தி. சாவு.

இதுவரை: அடிபட்டு ஒரு பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி தீர்ந்தால் இருபது முகப் பகடையை ஒரே ஒரு முறை போட வேண்டும். பதினொன்றும் அதற்கு மேலும் பிழைப்பு, கீழே என்றால் சாவு. பகடை விழுவது ஆஸ்மாவின் அட்டைத் திரைக்குப் பின்னால். எண்ணை அவள் மட்டும் பார்த்து, “பொழச்சுட்ட” என்பாள்.

இனி: மேசை நடுவில், எல்லோர் கண் முன்னாலும்.

அவ்வளவுதான் மாற்றம். ஏன் அந்தப் பத்தியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்?

10 ஆகஸ்ட், ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

சாவுப் பகடைக்கு நாங்கள் எப்போதும் அண்ணனின் பச்சைப் பகடையைத்தான் எடுப்போம். அதிர்ஷ்டப் பகடை. அதை எடுத்தவர் எவரும் இதுவரை செத்ததில்லை. அதை நாங்கள் நம்பினோம். படித்தவர்கள், நம்பினோம்.

ஜெய்யின் ஆள், பருந்து என்று பெயர், கோபுரத்தின் உச்சியில். கீழே எதிரிப் படை. குதிக்கிறேன் என்றான். யோசித்துக்கொள் என்றாள் ஆஸ்மா. “பச்சை இருக்கு, என்ன பயம்” என்று குதித்தான். படை அவனைச் சூழ்ந்தது. உயிர்ப்புள்ளி தீர்ந்தது. பச்சையை எடுத்து ஊதி, மேசை நடுவில் போட்டான்.

நான்கு.

“செத்துட்டான்” என்றாள் ஆஸ்மா. குரலே இல்லை.

ஜெய் பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன்.

“பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூவா தலையா போட்டா ஆறு வருஷமும் பூவேவா விழும்?” என்றான்.

அவள் புத்தகத்தை மூடினாள்.

“எத்தன தடவ பொய் சொன்ன?”

“எண்ணல.”

அண்ணன் தேநீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. ஜெய் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். “அப்போ நான் ஜெயிச்சதெல்லாம் நீ போட்ட பிச்சை” என்றான். கதவை அறைந்து சாத்தவில்லை, திறந்துபோட்டுவிட்டுப் போனான். அது இன்னும் மோசம்.

11 ஆகஸ்ட், திங்கள்

எங்கள் கைபேசிக் குழுவில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

13 ஆகஸ்ட், புதன்

ஜெய் எனக்குத் தனியாக அனுப்பியது: ‘நீ ஏன் சும்மா இருக்க? உன் அலரி பாலத்துலயே செத்தவ. உனக்கும் தெரியும்.’

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

அலரி என் ஆள். மூன்று வருடத்துக்கு முன்னால் எரிகிற பாலத்தில் தனியாக நின்றாள். மற்றவர்கள் தப்பிக்கும்வரை நின்றாள். விழுந்தாள். பச்சையைப் போட்டேன், பிழைத்தாள். அந்த வாரம்தான் மார்சிலிங் வீட்டில் அம்மாவிடம், தனியாக வாடகை அறைக்குப் போகிறேன் என்று சொன்னேன். கல்யாணம் ஆகாத பெண் அறை எடுப்பதா என்று எத்தனையோ மாதம் மென்று விழுங்கிய பேச்சு.

இரண்டுக்கும் தொடர்பு உண்டா? உண்டு. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பிழைப்பு பொய் என்றால் நான் எதன் மேல் நின்றேன்?

16 ஆகஸ்ட், சனி

ஆஸ்மாவைப் பார்க்கத் தெம்பனிஸுக்குப் போனேன். அவள் வீட்டுக்கு வேண்டாம் என்றாள். அவள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை. அவளுக்கு தே ஓ கொசோங், பாலும் சீனியும் இல்லாத தேநீர், ஆறிப்போனது.

முதலில் சுற்றி வளைத்துப் பேசினோம். பிறகு அவளாகவே சொன்னாள். எங்களுக்கு முன்னால் கல்லூரி நாட்களில் ஒரு மேசை நடத்தியிருக்கிறாள். ஒருத்தியின் ஆள் செத்தது. புது ஆள் செய்துகொள் என்றாளாம், அந்தப் பெண்ணும் சரி என்றாளாம். அடுத்த வாரம் வரவில்லை. பிறகு இன்னொருவன். பிறகு எல்லோரும்.

“கடைசியில நான் மட்டும் புத்தகத்த விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உங்களையும் அப்படி விட முடியல.”

பின்னே புதிய பதிப்பை எதற்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். எரிச்சலாகத்தான் கேட்டேன்.

“முடியல டி. ஒவ்வொரு தடவயும் பொய். நானே நிறுத்தணும்னு பாத்தேன், வாய் வரல. புத்தகமே சொல்லிட்டா நான் சொல்ல வேண்டாமேன்னு.”

அப்படியென்றால் அலரிக்கு என்ன விழுந்தது?

“தெரியாது. நம்பரப் பாக்கவே மாட்டேன். பாத்தா உண்மையச் சொல்லிடுவேனோன்னு பயம். உங்க மூஞ்சிய மட்டும் பாப்பேன்.”

யாருமே பார்க்காத எண். ஆறு வருடமும்.

இருபத்து நான்காம் தேதி வந்து கதையின் வரைபடங்களையெல்லாம் அண்ணனிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதாகச் சொன்னாள். வேறு ஆள் நடத்தட்டும். வேறு ஆள் கிடையாது. அவள் இல்லாவிட்டால் மேசை இல்லை, அது அவளுக்கும் தெரியும்.

திரும்பும்போது ரயிலில்தான் எனக்குக் கோபம் வந்தது. பொய்க்காக இல்லை. என் ஆள் செத்தால் நான் போய்விடுவேன் என்று நினைத்திருக்கிறாள். என்னையும். ஒரு தடவைகூடச் சோதித்துப் பார்க்காமல்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆட்டம் இல்லை. ஆனாலும் அண்ணன் வீட்டுப் பக்கம், சிராங்கூன் சாலைக்குப் போனேன். ஞாயிற்றுக் கூட்டம். தோளோடு தோள். இந்த நேரத்தில் நான் எங்கே இருக்க வேண்டியவள் என்று உடம்புக்குத் தெரிகிறது.

20 ஆகஸ்ட், புதன்

ஜெய்யைத் தொலைபேசியில் அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். சமாதானம் பேசக் கூப்பிடுகிறாயா என்றான். இல்லை, அலரியின் பகடையைத் திரும்பப் போடப் போகிறேன், இந்த முறை மேசை நடுவில் என்றேன்.

அவன் தொலைக்காட்சியை அணைப்பது கேட்டது.

“செத்தா?”

“செத்தா செத்தா.”

“மூணு வருஷக் கதை, தாரணி.”

தெரியும் என்றேன். பார்க்க மட்டும் வருகிறேன், ஆட மாட்டேன் என்றான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

வரைபடச் சுருளை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு ஆஸ்மா நின்றுகொண்டே இருந்தாள். ஜெய் ஜன்னல் பக்கம், கையைக் கட்டிக்கொண்டு.

பாலத்துக்குத் திரும்பப் போக வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார் அண்ணன். சொன்னேன். ஆஸ்மா வேண்டாம் என்றாள். இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை கெஞ்சல்.

பச்சையைப் போட்டேன். அண்ணனின் புத்தகத்தில் இடித்துச் சுழன்று நின்றது.

ஏழு.

ஒருவரும் பகடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். ஆஸ்மாவின் முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் எழுந்து போவதற்காகக் காத்திருக்கிற முகம்.

“சொல்லு” என்றேன்.

“என்னத்த?”

“ஜெய்க்குச் சொன்னல்ல. எனக்கும் சொல்லு.”

நேரம் எடுத்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். என் கண்ணைப் பார்க்காமல், பகடையைப் பார்த்துச் சொன்னாள்: “அலரி செத்துட்டா.”

காகிதத்தில் இருந்த ஒருத்திக்காக மூன்று பேர் முன்னால் அழுதேன், எழுதி வைக்கிறேன்.

ஜெய்தான் முதலில் பேசினான். “அப்போ மூணு வருஷமா எங்ககூட நடந்து வந்தது யாரு?”

“பேய்” என்றார் கதிரேசன் அண்ணன். “அதான் அவளுக்கு ஒரு தடவகூட பசிக்கல.”

ஜெய் சிரிக்கக்கூடாது என்று பார்த்தான். முடியவில்லை. ஆஸ்மா சிரிக்கவில்லை. வரைபடச் சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிரிக்கவும் இல்லை, அண்ணனிடம் கொடுக்கவும் இல்லை. புதிய ஆள் செய்யத் தாள் ஒன்று கேட்டேன். எனக்கும் ஒன்று, ஆனால் வருவேன் என்று சொல்லவில்லை என்றான் ஜெய்.

அடுத்த ஞாயிறு வரச் சொல்லி யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் ஆஸ்மாவுக்கு இல்லை. என்னிடம் இருந்த தைரியம் அந்த ஒரு பகடையோடு தீர்ந்துவிட்டிருந்தது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

காலையிலிருந்து மழை. புதிய ஆளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அவளை எனக்குப் பிடிக்கவும் இல்லை.

அண்ணன் வீடு, ஆறாம் மாடி. வாசலில் ஜெய்யின் நனைந்த செருப்பு. உள்ளே வரைபடம் விரித்திருந்தது. ஆஸ்மா அதைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடையை மடக்கி வெளியே வைத்துவிட்டு, என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.